காசு கொடுத்தா, காசில்லாமலா? – வாசகர் கேள்வி பதில்

சிறு வியாபாரிகளுக்கு இணையத்தளம் எதற்கு என்று போன இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. தளம் இருக்கிறது, ஆட்களைக் காணோம், இனி விளம்பரத்துக்குக் காசு இறக்குவதா இல்லை சும்மா வருவதை வைத்துச் சமாளிப்பதா? சில கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன், ஆரி வேலையோடு மணப்பெண் பிளவுஸும் செய்வேன். தங்கச்சியின் மகன் வெப்சைட் ஒன்று செய்து தந்தான். பேஸ்புக்கில் ஐயாயிரம் ரூபா போட்டு ஒரு போஸ்ட்டை பூஸ்ட் செய்தேன். லைக் நிறைய, ஓடர் ஒன்றும் இல்லை. மாதம் 25,000 ரூபா வரை செலவழிக்கலாம். கூகுளுக்குக் கொடுப்பதா, பேஸ்புக்குக்கா, இல்லை எஸ்இஓ (கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) செய்து தருகிறேன் என்று வீட்டுக்கே வந்து போகும் ஒருவருக்கா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: அக்கா, லைக் வந்து ஓடர் வராததற்கு உங்கள் தையலில் குறை தேடாதீர்கள். பூஸ்ட் பட்டனை யோசிக்காமல் அமுக்கினால் பேஸ்புக் அநேகமாக அதை ‘இந்தப் போஸ்ட்டுக்கு லைக்கும் கொமென்ட்டும் வேண்டும்’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். கண்ணில் பட்டதுக்கெல்லாம் லைக் போடுகிறவர்கள் யார் யார் என்பது அதற்கு நன்றாகத் தெரியும், நேரே அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டும், நீங்களும் ஒரு நாள் சந்தோஷப்படுவீர்கள், காசும் முடிந்துவிடும். அதே காசை பேஸ்புக்கின் விளம்பரப் பகுதியான அட்ஸ் மனேஜர் வழியாகப் போட்டால் எதற்காக விளம்பரம் என்று முதலிலேயே கேட்கும். வட்ஸ்அப்பில் மெசேஜ் வரவேண்டும் என்று அங்கே தெரிவு செய்யுங்கள். லைக் குறையும், ஆனால் வருகிறவர் “அக்கா, கைக்கு மட்டும் வேலை செய்தால் எவ்வளவு?” என்று கேட்டுக்கொண்டு வருவார்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதற்கு ஒரு சதமும் தேவையில்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இலவசப் பதிவைச் செய்துவிடுங்கள். வெள்ளவத்தையில் நின்றுகொண்டு ஒருத்தி போனில் பிளவுஸ் தைக்கும் இடம் தேடினால் மேப்போடு சேர்ந்து வருமே மூன்று நான்கு பெயர், அந்த வரிசைக்குப் போகும் வழி இதுதான். வீட்டு முகவரியை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டுமே என்ற தயக்கம் உங்களுக்கு இருந்தால், முகவரியை மறைத்துவிட்டு எந்தெந்தப் பகுதிக்கு வேலை செய்கிறீர்கள் என்பதை மட்டும் போடவும் அதில் வழி உண்டு. நீங்கள் தைத்த பிளவுஸ்களின் படங்களை நல்ல வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள், இணையத்தில் பொறுக்கிய படம் வேண்டாம். தைத்த பிளவுஸை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போகிற பெண்ணிடம் அந்த இடத்திலேயே ரிவியூ கேளுங்கள். ரிவியூ போட்டால் நூறு ரூபா கழிவு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது கூகுளின் விதிக்கு மாறானது, போட்ட ரிவியூக்களைத் தூக்கிவிடுவார்கள். எத்தனை பேர் உங்கள் பதிவிலிருந்து போன் எடுத்தார்கள், எத்தனை பேர் தளத்துக்குப் போனார்கள் என்பதையும் அது காட்டும். இரண்டு மாதம் அந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே உங்கள் தொழிலுக்குத் தேடல் எவ்வளவு இருக்கிறது என்று ஓரளவுக்குப் பிடிபட்டுவிடும்.

இப்போது உங்கள் 25,000 ரூபா. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், இலக்கங்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிளிக் 20 ரூபா என்று வைத்தால் 1,250 பேர் தளத்துக்கு வருவார்கள். அதில் நூற்றுக்கு இரண்டு பேர் மெசேஜ் போட்டால் 25 பேர். அதில் பாதிப் பேர் ஓடர் தந்தால் பன்னிரண்டு. அதாவது ஒரு ஓடரைப் பிடிக்க இரண்டாயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே போகிறது. சாதாரண பிளவுஸ் ஒன்றில் துணி, நூல், உங்கள் நேரம் எல்லாம் போக ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ நிற்கிறது என்றால், ஒவ்வொரு ஓடருக்கும் நீங்கள் கையிலிருந்து காசு கொடுத்துத் தைத்துக் கொடுக்கிறீர்கள்! அதே இரண்டாயிரத்துக்கு ஒரு மணப்பெண் வந்தால், அதில் எட்டாயிரம் பத்தாயிரம் நிற்குமென்றால், தாராளமாகக் கொடுக்கலாம், பெண்ணின் அம்மா, அக்கா, மச்சாள் என்று பின்னால் வேறு வருவார்கள். ஆகவே என் அபிப்பிராயம், காசு கொடுக்கும் விளம்பரம் மணப்பெண் வேலைக்கு மட்டும். சாதாரண பிளவுஸுக்கு மேப்பும் வாய்ப்பேச்சும் போதும்.

கூகுளில் போடுவதானால் சில இடங்களில் கவனமாக இருங்கள். தேடல் விளம்பரம் மட்டும் என்று சொல்லுங்கள். டிஸ்ப்ளே நெட்வேர்க் (மற்றத் தளங்களிலும் அப்களிலும் விளம்பரம் காட்டுவது) என்று ஒரு பெட்டி ஏற்கெனவே டிக் போட்டபடி இருக்கும், அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாரோ ஒரு பிள்ளை கேம் விளையாடும் திரையில் உங்கள் விளம்பரம் வந்து தவறி விரல் பட்டதற்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும். அடுத்தது வேண்டாத சொற்கள். ‘பிளவுஸ் டிசைன்’ என்று தேடுகிறவர்களில் பலர் படம் பார்க்க வந்தவர்கள், ‘பிளவுஸ் கட்டிங்’ என்று தேடுகிறவர் தானே தைக்கப் பழகுகிறவர். இலவசம், கட்டிங், பழக, வேலைவாய்ப்பு, இவற்றையெல்லாம் விலக்கும் சொற்களாகக் கொடுத்துவிட்டு, என்ன தேடி வந்து கிளிக் செய்தார்கள் என்ற பட்டியலை வாரம் ஒரு தடவை பாருங்கள், சிரிப்பும் வரும், சேர்க்க இன்னும் சொற்களும் கிடைக்கும். இடம் கொடுப்பதிலும் முழு இலங்கை வேண்டாம், அளவெடுக்க நேரில் வரக்கூடிய தூரம் போதும்.

இன்னொன்று, விளம்பர இடத்தைக் கூகுள் ஏலத்தில்தான் கொடுக்கிறது, அதில் கூடக் காசு சொன்னவருக்குத்தான் மேலே இடம் என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை. விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, கிளிக் செய்து போனால் தளம் உருப்படியாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் கூகுள் இடம் கொடுக்கிறது. மணப்பெண் பிளவுஸ் என்று விளம்பரம் போட்டு முகப்புப் பக்கத்துக்கு அனுப்பாமல், மணப்பெண் பிளவுஸ் படங்களும் ஆரம்ப விலையும் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதும் இருக்கிற பக்கத்துக்கு அனுப்பினால் ஒரு கிளிக்கின் விலையே குறையலாம். நாளுக்கு 800 ரூபா என்று போட்டுவிட்டு ஒரு நாள் 1,500 போனதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். ஒரு நாளில் இரட்டிப்பு வரை அது எடுக்கும், மாதக் கணக்கில் நாளாந்தத் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது. ஆனால் அட்டையில் டொலரில் கழிந்தால் வங்கியின் மாற்று வீதமும் கட்டணமும் தனி, மாத முடிவில் அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

எஸ்இஓ செய்து தருகிறேன் என்று வருபவர் பற்றி. என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், ‘பக்கங்களை இப்படித் திருத்துவேன், இந்த இந்தத் தலைப்பில் எழுதுவேன்’ என்று சொன்னால் யோசிக்கலாம். ‘அது ரெக்னிக்கல், உங்களுக்கு விளங்காது’ என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். யாரோடு வேலை செய்தாலும் டொமைன் (தளத்தின் பெயர்), கூகுள் பதிவு, விளம்பரக் கணக்கு மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் இருக்கட்டும். இது தங்கச்சியின் மகனுக்கும் பொருந்தும்.

கேள்வி: தமிழ் மொழிமூலம் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். விளம்பரத்துக்குச் செலவழிக்கக் காசு இல்லவே இல்லை. இலவச வழிகளால் மட்டும் பிள்ளைகள் வருவார்களா? யூடியூப் இருக்கும்போது வெப்சைட் எதற்கு என்றும் நண்பர்கள் கேட்கிறார்கள். – ஆசிரியர், தெஹிவளை

பதில்: வருவார்கள் சேர், இந்த வருடப் பரீட்சைக்குள் வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். தளத்தைத் திருத்தத் தொடங்கியதிலிருந்து பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. இலவசம் என்கிற வழிகள் எல்லாம் உங்கள் இரவுகளை எடுத்துக்கொள்ளும், அதுதான் விலை.

ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, சாறிக் கடைக்காரருக்கு அது இல்லை. தமிழ் மொழிமூலத்தில் இணைந்த கணிதத்துக்கு ஒழுங்கான எழுத்து விளக்கம் இணையத்தில் மிகக் குறைவு. இருக்கிறதெல்லாம் யாரோ கையால் எழுதிப் போனில் படம் எடுத்துச் சேர்த்த பிடிஎஃப். அதை ஒரு பிள்ளை வட்ஸ்அப்பில் பகிரும், தேடுபொறிக்கு அதில் வாசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் ஒரு வினாவுக்கு ஒரு பக்கம் என்று எழுத்தில் போடுங்கள். தலைப்பில் வருடம், பாடம், பகுதி, வினா இலக்கம் எல்லாம் வரட்டும், ‘2019 இணைந்த கணிதம் பகுதி அ, 7ஆம் வினா’ என்று பிள்ளை தட்டுவது மாதிரியே. தமிழைப் பாதி ஆங்கில எழுத்தில்தான் இவர்கள் தட்டுகிறார்கள், ஆகவே பக்கத்தில் ஓரிடத்தில் அந்த வடிவத்தையும் இயல்பாகச் சேர்த்துவிடுங்கள். விடையை மட்டும் போட்டால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கே பிள்ளைகள் வழக்கமாகப் பிழை விடுவார்கள், புள்ளித்திட்டத்தில் எந்தப் படிக்குப் புள்ளி போகும் என்று எழுதுங்கள், அதை வகுப்பில் நிற்கிற ஆசிரியரால்தான் எழுத முடியும். போனில் திறந்து பார்த்துச் சமன்பாடு திரைக்கு வெளியே ஓடாமல் இருக்கிறதா என்று பாருங்கள், கூகுள் இப்போது தளங்களை அளப்பது போனில் தெரியும் வடிவத்தை வைத்துத்தான்.

அப்புறம் சேர்ச் கன்சோல். இதுவும் இலவசம், கூகுள் தருவது, எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் எத்தனையாவது இடத்தில் வந்தது என்று காட்டும். முதல் இடத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். எட்டாவது, பன்னிரண்டாவது, பதினைந்தாவது என்று தொங்கிக்கொண்டிருக்கும் பக்கங்களைப் பிடித்து இன்னும் நன்றாக எழுதுங்கள். புதிதாகப் பத்துப் பக்கம் எழுதுவதைவிட இது கெதியாகப் பலன் தரும்.

யூடியூப் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், தொகையிடலை விரலால் காட்டிச் சொன்னால் பிள்ளைக்கு விளங்குவது வேறு. வீடியோவை அங்கே போட்டு அதே வினாவின் பக்கத்திலும் பதித்துவிடுங்கள். தளம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு விடயம் சொல்லுங்கள், கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு சும்மா செய்து கொடுத்த வெப்சைட்களை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது, அதை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அதன் பிறகு தளமே இல்லை. அடுத்தவன் காணியில் வீடு கட்டினால் எழும்பச் சொல்லும்போது எழும்பத்தான் வேண்டும்.

ஒரே மெசேஜை ஒரு பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அனுப்பும் வட்ஸ்அப் புரோட்காஸ்ட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பெற்றோரிடம் முதல் வகுப்பிலேயே நம்பரைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஐம்பது டொலருக்கு ஆயிரம் தேடுபொறிகளில் சேர்த்து, ஐந்நூறு தளங்களிலிருந்து லிங்க் தந்து, முதலிடம் உறுதி என்று ஈமெயில் வருகிறது. நம்பலாமா? – கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: அழித்துவிடுங்கள். ஆயிரம் தேடுபொறியின் பெயர் எழுதச் சொன்னால் அனுப்பியவரே ஆறு ஏழோடு நின்றுவிடுவார். இப்படி விலைக்கு லிங்க் வாங்கிய தளங்களைத் தேடல் வரிசையில் இறக்கத்தான் 2012 ஏப்ரலில் கூகுள் பெங்குயின் என்ற மாற்றத்தையே கொண்டுவந்தது, அன்றைக்கு எத்தனையோ தளங்கள் ஓரிரவில் காணாமல் போயின. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. இதே ரகத்தில் ‘பத்தாயிரம் விசிட்டர்’ விற்பவர்களும் உண்டு, வருகிற பத்தாயிரமும் மனிதர் இல்லை.

கேள்வி: கொழும்பிலிருந்து கறித்தூள், ஒடியல் மா, வடகம் எல்லாம் பொதி செய்து கனடாவுக்கு அனுப்புகிறோம். கனடா என்று இடம் கொடுத்துக் கூகுளில் விளம்பரம் செய்தோம். கிளிக் வந்தது, வந்தவர்களில் பாதிப் பேர் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும்! எங்கே பிழை? டொட் எல்கே டொமைன் வைத்திருப்பதும் பாதகமா? – புறக்கோட்டை வாசகர்

பதில்: இடம் தெரிவு செய்யும் பகுதியில் உள்ளே ஒரு விருப்பம் ஒளிந்திருக்கிறது. நீங்கள் தொடாவிட்டால் அது ‘அந்த இடத்தில் இருப்போரும், அந்த இடத்தில் ஆர்வம் காட்டுவோரும்’ என்று இருக்கும். கனடாவில் ஆர்வம் காட்டாத தமிழர் கொழும்பில் எத்தனை பேர் என்று நீங்களே சொல்லுங்கள்! விசாவுக்கும் காலேஜுக்கும் தேடுகிற கூட்டத்துக்குள் உங்கள் கறித்தூள் போய் மாட்டியிருக்கக்கூடும். ‘அந்த இடத்தில் இருப்போர் மட்டும்’ என்று மாற்றுங்கள். கனடா முழுக்கவும் தேவையில்லை, ரொறன்ரோவும் சுற்றுப்புறமும் என்று தொடங்குங்கள்.

நேரத்தையும் பாருங்கள். ரொறன்ரோவில் வேலை முடிந்து ஆறுதலாக இருக்கும் இரவு எட்டு மணி, நமக்குக் குளிர்காலத்தில் அடுத்த நாள் காலை ஆறரை, கோடையில் ஐந்தரை. விளம்பரம் எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று கொடுத்தால் அது உங்கள் கணக்கு எந்த நேர வலயத்தில் திறந்ததோ அதன்படிதான் ஓடும். காலையில் போனைப் பார்த்து மெசேஜுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை என்றால் காசு கொடுத்து வரவைத்தவரை வாசலில் நிற்க வைத்த மாதிரி.

டொட் எல்கே என்றால் இது இலங்கைக்கான தளம் என்ற குறிப்பு தேடுபொறிக்குப் போகிறது. கொழும்புக்குள் விற்க அது நல்லது, வெளியே விற்கப் பெரிதாக உதவாது. உங்களுக்கு டொட் கொம் ஒன்றும் எடுத்து வெளிநாட்டு விலைகளை அதில் போடுவது சரி.

விளம்பரத்துக்குக் கனடாவில் ஒரு கிளிக் இங்கே உள்ளதைவிட நன்றாகவே கூடும், கறித்தூள் பைக்கற் ஒன்றில் அதைத் தாங்குவது கஷ்டம். ஐந்து கிலோ கலவைப் பெட்டி மாதிரி ஏதாவது பெரிதாக விற்றால்தான் கட்டுப்படியாகும். இல்லாவிட்டால் ஊர்ச் சங்கங்களின் பேஸ்புக் குழுக்கள், பழைய மாணவர் சங்கங்களின் ஆண்டு மலர் என்று போகலாம். மலரில் ஒரு பக்கத்துக்குக் காசு கேட்பார்கள்தான், ஆனால் அதைத் தூக்கி எறியாமல் வீட்டில் வைத்திருப்பார்கள், அம்மாவின் வகுப்புப் படம் இருக்குமே.

கேள்வி: மூன்று மாதம் கூகுள் விளம்பரம் போட்டுவிட்டு நிறுத்தினேன். அடுத்த நாளே தளத்துக்கு யாரும் வருவதில்லை. நிறுத்தியதற்குத் தண்டனையா? – பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: இல்லை. விளம்பரம் கொடுப்பதால் சாதாரணத் தேடல் முடிவில் இடம் ஏறவும் மாட்டாது, நிறுத்துவதால் இறங்கவும் மாட்டாது என்பது கூகுளின் நிலைப்பாடு. முன்பும் உங்களுக்குச் சும்மா வந்தவர்கள் இவ்வளவுதான், விளம்பரக் கூட்டத்தில் அது தெரியாமல் இருந்தது. அந்த மூன்று மாதத் தேடல் சொற்களின் பட்டியல் இன்னும் உங்கள் கணக்கில் இருக்கும். எந்தச் சொல்லால் வந்தவர் ஓடர் தந்தார் என்று பாருங்கள், அந்தச் சொற்களுக்கு முதலில் பக்கம் எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கிய தகவல், வீணாக்க வேண்டாம்.

கேள்வி: கல்யாண வீடுகளுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விளம்பரம் போடுவதை நிறுத்தி எல்லாவற்றையும் நெட்டில் போடச் சொல்கிறான் மகன். பேப்பர் முடிந்த கதையா? – கொழும்பு 13 வாசகர்

பதில்: ஐயா, மகன் சொல்வதிலும் விடயம் இருக்கிறது, ஆனால் கல்யாணச் சாப்பாட்டை முடிவு செய்வது பெரும்பாலும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் இல்லை, ஞாயிறு காலையில் மணமக்கள் பகுதியை விரித்து வைத்திருக்கும் பெரியவர்கள். யார் சொல்வது சரி என்று வீட்டில் வாதாடுவதைவிட அளந்து பாருங்கள். புதிதாக ஒரு சிம் எடுத்து அந்த நம்பரைப் பேப்பர் விளம்பரத்தில் மட்டும் போடுங்கள், தளத்தில் வேறு நம்பர். கியூஆர் குறியும் போடலாம், பெரியவர்கள் ஸ்கேன் செய்யாவிட்டாலும் வீட்டிலுள்ள பிள்ளைகள் செய்வார்கள். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் சோதித்துவிட்டுப் பேப்பரில் பலன் இல்லை என்று சொல்லக்கூடாது. ஆடி முடிந்து ஆவணிக் கல்யாணங்களுக்கு நாள் குறிக்கும் வாரங்களில் போடுங்கள். அதற்கு முன்னால் தளத்தில் மெனுவும் ஒரு தலைக்கு எவ்வளவு என்பதும் இருக்கட்டும், இப்போது போய்ப் பார்த்தேன், ‘விலைக்கு அழைக்கவும்’ என்று மட்டும் இருக்கிறது.